பெயர் வைக்கத் துடிக்கும் மனம்

பெயர் தெரியாத ஒன்றின் முன்னால் மனம் நெடுநேரம் நிற்பதில்லை. அதற்கு உடனே ஒரு பெயர் வேண்டும். சரியான பெயர் கிடைக்காவிட்டால் கையில் இருப்பதை எடுத்து வைத்துவிடும். கையில் இருப்பதோ பெரும்பாலும் ஒரு பழைய பயம், இல்லையென்றால் ஒரு பழைய துக்கம்.

2023 ஜூலை நடுவில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் ஆளுயரத்துக்கும் மேலான உருளை ஒன்று ஒதுங்கியது. அதன் மேல் கடலுயிர்கள் ஒட்டி வளர்ந்திருந்தன. 2014 மார்ச் 8 அன்று 239 பேரோடு மறைந்த மலேசிய விமானம் எம்.எச்.370 பலருக்கும் நினைவுக்கு வந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த விமானத்தை விழுங்கியதாக நம்பப்படுவதும் அதே இந்தியப் பெருங்கடல்தானே.

கரையில் இன்னொரு வகைக் கவனமும் இருந்தது. தொடாமல், விலகி நின்று பார்க்கும் கவனம். போலீசார் காவல் இருந்தார்கள். ஆபத்தில்லை என்று அதிகாரிகள் சோதித்துத் தெளிந்தார்கள். ஆஸ்திரேலிய விண்வெளி முகமை வேற்று நாடுகளின் விண்வெளி அமைப்புகளைக் கேட்டது. ஜூலை 31 அன்று அந்த முகமை, பெரும்பாலும் இது இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் கட்டமாக இருக்கும் என்றது.

வள்ளியூரில் இருக்கும் நமக்கு இதில் மெல்லிய புன்னகை வராமல் இருக்காது. மேற்கே தெரிகிற மகேந்திரகிரியில்தான் அந்த ராக்கெட்டின் இரண்டாம், நான்காம் கட்ட எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். (மூன்றாம் கட்டம் திட எரிபொருளால் இயங்குவது; அதற்கு இங்கே வேலையில்லை.) அந்தக் கரையில் பலர் மரணம் என்று அஞ்சிய பொருள், வேலையை முடித்துவிட்டுக் கடலில் விழுந்த ஒரு கருவி.

நம் ஊர் முருகன் குகைக் கோயிலுக்குள் வெயிலிலிருந்து நுழையும்போது முதலில் ஒன்றும் தெரிவதில்லை. சற்றே நிற்கிறோம். விளக்கு தெரிகிறது, பிறகு வேல், பிறகு திருமுகம். நாம் எதுவும் செய்யவில்லை, நின்றோம், அவ்வளவுதான். அந்த நிற்றல் நமக்குப் புதிதல்ல. கோயிலுக்கு வெளியே மறந்துவிடுகிறோம்.

பயம் வைத்த பெயரே சரியாகிவிடுவதும் உண்டு. 2015 ஜூலை 29 அன்று ரீயூனியன் தீவின் செயிண்ட் ஆந்த்ரே கரையில் விமான இறக்கையின் பாகம் ஒன்று ஒதுங்கியது. கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழரின் வழிவந்தவர்கள் கோயில் எழுப்பி வாழும் ஊர் அது. அது எம்.எச்.370-இன் பாகம்தான், உறுதி என்று ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே மலேசியப் பிரதமர் அறிவித்துவிட்டார். பிரெஞ்சு விசாரணையாளர்கள் வலுவான ஊகம் என்பதோடு நின்றார்கள். பாகத்தின் உள்ளே இருந்த எண் ஒன்றை ஸ்பெயினில் அதைத் தயாரித்த நிறுவனத்தாரைக் கொண்டு சரிபார்த்து, செப்டம்பர் 3 அன்றுதான் எம்.எச்.370 என்றார்கள். பெயர் மாறவில்லை. ஆகஸ்டில் அது ஊகம், செப்டம்பரில் அறிவு.

விமானம் ஏன் மறைந்தது என்பதை அந்த எண் சொல்லவில்லை. உறவை இழந்தவர்களிடம் போய் அமைதியாக இருங்கள் என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. நம் கரையில் ஒதுங்குபவை சிறியவை: முகம் கொடுக்காமல் போன நண்பர், பதில் வராத ஒரு செய்தி, காரணம் புரியாத சோர்வு. கோபம் என்றும் அலட்சியம் என்றும் அவற்றுக்குப் பெயர் வைக்காமல் சில நாள் பார்த்திருக்கலாம். சோர்வை மட்டும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கிரீன் ஹெட்டிலும் தெரிந்தவர்களைக் கேட்டுத்தானே தெரிந்துகொண்டார்கள்.