பெயரற்ற சுவடியும் பெரும்பெயரும்

ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியவர் ஷேக்ஸ்பியர் அல்லர் என்னும் வாதம் மேலைநாட்டில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. 1857-இல் டீலியா பேக்கன் என்னும் அமெரிக்கப் பெண்மணி இதற்கென ஒரு நூலே வெளியிட்டார். கையுறை செய்பவரின் மகன், பல்கலைக்கழகம் புகாதவன், அரசவை நுட்பங்களை எங்ஙனம் அறிந்தான் என்னும் ஐயமே அவ்வாதத்தின் ஆணிவேர். புலமை உயர்குடிக்கே உரியது என்னும் செருக்கு அதில் ஒளிந்திருப்பதை நாம் எளிதில் கண்டுகொள்கிறோம். நம் நாட்டு வழக்கு ஒன்றில் அதே செருக்கு நம்மிடமும் உண்டோ என நோக்குதல் தகும்.

நெல்லைச் சீமையில் பிறந்த த. கணபதி சாஸ்திரியார், 1909-ஆம் ஆண்டளவில் பத்மநாபபுரத்துக்கு அருகே மணலிக்கரை மடத்தில் மலையாள எழுத்தில் அமைந்த வடமொழி நாடகச் சுவடிகளைக் கண்டெடுத்தார். அன்று திருவிதாங்கூராக இருந்த அப்பகுதி 1956 முதல் நம் கன்னியாகுமரி மாவட்டம். 1912 தொடங்கிப் பதின்மூன்று நாடகங்கள் திருவனந்தபுரத்தில் அச்சேறின. நாடகத் தொடக்கத்தில் ஆசிரியர் பெயரை அறிவிப்பது வடமொழி மரபு. இவற்றிலோ சூத்திரதாரர் அதுபற்றி வாய் திறப்பதேயில்லை.

காளிதாசனே போற்றிய பாசனுடையவை இவை என்றார் சாஸ்திரியார். பாசனின் ஸ்வப்னவாசவதத்தம் பற்றிப் பழம்புலவர் கூறியிருப்பதும், நாடகங்கள் சூத்திரதாரர் வருகையோடு தொடங்குவதும் அவர் காட்டிய சான்றுகள். மறுத்தோரோ, கூடியாட்டம் நிகழ்த்தும் கேரளச் சாக்கியர்கள் தம் மேடைக்கெனச் சுருக்கியும் மாற்றியும் அமைத்தவையே இவை என்றனர். பாசனுடையதெனப் பழைய இலக்கண நூலார் காட்டும் செய்யுள் அச்சான ஸ்வப்னவாசவதத்தத்தில் இல்லை என்பது அவர்தம் வலுவான வாதம். ஸ்வப்னவாசவதத்தம் பாசன் வழி வந்ததே என்பது நம் துணிபு. பதின்மூன்றும் அவர் ஒருவருடையவை என்பதற்குச் சான்று போதாது.

நம்மை உறுத்துவது வேறொன்று. பாசனுடையது என்றால் காவியம். சாக்கியர் கைப்பட்டது என்றால் வெறும் மேடைப்பிரதி! ஊருபங்கத்தில், தொடை முறிந்து கிடக்கும் துரியோதனனின் மடியில் ஏறி அமர அவன் சிறுமகன் விழைகிறான், தந்தையால் இயலவில்லை. எவர் எழுதினும் அக்காட்சியின் துயரம் அதுவேயன்றோ? அலுவலகத்தில் வரைவு எழுதுபவர் ஒருவர், கையொப்பமிடுபவர் மற்றொருவர். கோப்பில் நிலைப்பது கையொப்பமே. கோப்புகளோடு காலந்தள்ளும் நமக்கு இது புதிதன்று. உள்ளவருக்கே மேலும் கொடுத்து இல்லாதவரை மறப்பது கோப்புக்குப் பொருந்தலாம், இலக்கியத்துக்குப் பொருந்துமா?

நம் சங்கத்தொகை வழங்கும் முறை வேறு. குறுந்தொகையில் இயற்பெயர் தெரியாத புலவர் ஒருவரைச் செம்புலப்பெயனீரார் என்றே வழங்குகிறோம். குப்பைக்கோழியார், விட்டகுதிரையார் போன்ற பெயர்களும் அவரவர் பாட்டின் சொல்லிலிருந்தே பிறந்தவை. கபிலர் பெயரில் ஏற்றியிருந்தால் கேட்பார் எவருமிலர். தெரியாத பெயரைத் தெரிந்ததாகக் காட்டாமலும், பாடியவரைக் கைவிடாமலும் அம்முறை அமைந்தது.

மல்லேஸ்வரத்து அரங்கு ஏதேனும் ஒன்றில் நம் பிள்ளைகள் ஊருபங்கம் நடிக்கும் நாள் வருமாயின், அழைப்பிதழில் பாசன் பெயருக்குக் கீழே, சாக்கியர் மேடை வழிக் காக்கப்பெற்றது என ஒரு வரி அச்சிடலாம். அச்சுக்கூலி சிறிது கூடும், அவ்வளவே.