பழைய வண்டியும் புதிய ஒளியும்

இல்லறத்தார்க்கு இந்நாளில் வாகனம் இன்றியமையாத பொருளாகி விட்டது. அதனோடு கூடவே, நம் முன்னோர் எண்ணிப் பார்த்திராத சில அறக்கேள்விகளும் நம் வாயிலில் வந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று பார்வைக்கு மிகச் சிறியது. பழைய காரின் மங்கிய முகப்பு விளக்கை நீக்கிவிட்டுப் பேரொளி வீசும் விளக்கைப் பொருத்திக் கொள்ளலாமா என்பதே அது. இது மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது, அற இதழில் எழுதத் தக்கதன்று எனச் சிலர் கருதக் கூடும். ஆயினும், நாம் காண்பதற்காகச் செய்யும் செயல் பிறரைக் காண முடியாதவராக்குமானால், அங்கே அறத்தைப் பற்றிய ஆராய்ச்சி தொடங்கி விடுகிறது.

திருநீர்மலையை எடுத்துக் கொள்வோம். 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட இவ்வூரின் அருகே சென்னைப் புறவழிச்சாலை செல்கிறது. அங்கே வண்டிகள் விரைகின்றன. ஊருக்குள்ளோ ஏரிக்கரையும், குறுகிய தெருக்களும், மலைக்கோயிலுக்கு நடந்து வருவோரும், முகூர்த்த நாட்களில் விடியுமுன் வந்து இறங்கும் திருமணக் கூட்டமும் உண்டு. விரைவுச் சாலையின் ஒளியை அணிந்த வண்டி சில நிமிடங்களில் நடந்து செல்வோரின் தெருவுக்குள் நுழைந்து விடுகிறது. பழைய கார்களும் இப்பகுதிக்குப் புதியவை அல்ல. வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் ஹெரால்டு கார்களைச் செய்து அனுப்பியது. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடரையும் மாருதி 800-ஐயும் இன்றும் பேணி வைத்திருக்கும் குடும்பங்கள் உள்ளன. உள்ள பொருளை எறியாமல் செப்பனிட்டுப் பயன்படுத்துவது, உடைமைக்கு அளவு வகுத்துக் கொள்ளும் நம் நெறிக்கு உகந்ததே. எனவே பழைய வண்டியை வைத்திருப்பதில் குறையில்லை. அதன் விளக்கை எவ்வாறு திருத்துவது என்பதே வினா.

முதலில் அவ்விளக்கு ஏன் மங்குகிறது என்று அறிய வேண்டும். பெரும்பாலும் பல்பு அதற்குக் காரணமன்று. பாட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம், பழைய கார்களில் சுவிட்சின் வழியாகவும் மெல்லிய, துருவேறிய கம்பிகளின் வழியாகவும் சுற்றி வந்து விளக்கை அடைகிறது. வழியில் வோல்ட் குறைகிறது. இழை பல்பின் இயல்பு யாதெனில், வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி பத்தில் மூன்று பங்கு குறைந்து விடும். இதனோடு பிரதிபலிப்பான் மங்கியிருக்கும். கண்ணாடியில் அழுக்குப் படிந்திருக்கும். இந்நிலையில் கடைக்குச் சென்று, 60 வாட் பல்புக்குப் பதிலாக 100 வாட் பல்பை வாங்கி மாட்டுகிறோம். இரு விளக்குகளுக்கும் சேர்த்துப் பத்து ஆம்பியர் ஓடிய பழைய கம்பியில் இப்போது ஏறத்தாழப் பதினேழு ஆம்பியர் ஓடுகிறது. கம்பி சூடேறுகிறது, சுவிட்சு கருகுகிறது, பிரதிபலிப்பான் மேலும் கெடுகிறது. நோயின் காரணத்தை ஆராயாமல் மருந்தின் அளவை மட்டும் கூட்டுவது போன்றது இது.

இங்கே ஒரு நியாயத்தை மறைத்தல் கூடாது. நன்றாகக் காண்பது ஓட்டுநரின் கடமை. கவனமின்மையால் உயிர்க்குத் தீங்கு நேர்வதே இம்சை என்பது நம் ஆசிரியர்கள் கூறிய இலக்கணம். துறவியர் நான்கு முழத் தரையை நோக்கி நடக்க வேண்டும் என்னும் ஈர்யா சமிதியின் கருத்தும் அதுவே. நான்கு முழத்தை நோக்கி நடப்பவரைக் காப்பதற்கு, காரில் செல்பவர் நாற்பது மீட்டரையாவது நோக்க வேண்டியவராகிறார். பாதயாத்திரையாக விஹாரம் செய்யும் துறவியர் நெடுஞ்சாலை ஓரங்களில் வாகனங்களால் மோதுண்டு உயிர் நீத்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். ஆகவே மங்கிய விளக்கோடு இரவில் விரைவது எளிமையுமன்று, பொறுமையுமன்று. அது பிரமாதம், அதாவது விழிப்பின்மை. விளக்கைத் திருத்த எண்ணுவோரைக் குறை கூற இடமில்லை.

ஆனால் எதிரே வருபவருக்கும் கண் உண்டு. இருளில் பழகிய விழியின் மீது கடும் ஒளி பாய்ந்தால், அது மீண்டும் தெளிய சில நொடிகள் ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறார். மூன்று நொடி கண் கூசினால், ஐம்பது மீட்டர் தொலைவை அவர் குருடராகக் கடக்கிறார். அந்த ஐம்பது மீட்டருக்குள் ஒரு சைக்கிள்காரரோ, சாலையைக் கடக்கும் மூதாட்டியோ, படுத்திருக்கும் பசுவோ இருந்தால், அடித்த வண்டி அவருடையதாக இருக்கலாம். காரணமாய் இருந்த நாம் அதற்குள் வெகுதூரம் சென்றிருப்போம். நிகழ்ந்தது நமக்குத் தெரியவும் தெரியாது. கண்ணில் படாத தீங்கு என்பதனால் அது நம்முடையது அல்லாமற் போகுமா? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையையும் ஒருங்கே எண்ணும் மரபில் வந்த நாம் அவ்வாறு கூற இயலாது.

முதியோர் நிலை இன்னும் கடினமானது. அறுபது வயதினரின் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதினர்க்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. கண்ணின் வில்லை மங்கும்போது எதிரொளி மேலும் சிதறிக் கூசுகிறது. தமக்குப் பேரொளி வேண்டும் என்று பெரிதும் விரும்புகிறவர்களே, பிறருடைய பேரொளியால் பெரிதும் துன்புறுகிறவர்களும் ஆவர்.

அப்படியானால் எல்லையை எங்கே வகுப்பது? இல்லறத்தாரின் குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் ஒன்று. பயனின்றித் தீங்கு செய்வதைத் தவிர்த்தல் என்பது அதன் பொருள். இந்த ஒரு விரதம் நம் வினாவுக்குத் தெளிவான விடை தருகிறது. சாலையின் மீது விழும் ஒளி பயனுடையது. மேலெழுந்து பிறர் விழியில் பாயும் ஒளி நமக்கும் வழி காட்டுவதில்லை. அது முழுவதும் பயனற்ற தீங்கு. நல்ல விளக்கின் அமைப்பும் இதையே பின்பற்றுகிறது. 1971 முதல் வழங்கும் எச்-4 ஹாலஜன் பல்பில், டிம் இழையின் கீழே சிறு உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு. மேல்நோக்கிச் செல்லக் கூடிய ஒளியை அது தடுத்து விடுகிறது. இழை இருக்க வேண்டிய இடத்தைக் கணக்கிட்டே பிரதிபலிப்பான் வார்க்கப்படுகிறது. அதனுள் வேறு வடிவமுள்ள எல்.இ.டி. அல்லது செனான் பல்பைச் செருகினால், அக்கணக்குத் தவறி ஒளி எங்கும் சிதறக் கூடும். வலப்புறம் செல்லும் நாடுகளுக்காகச் செய்யப்பட்ட விளக்கோ, எதிரே வருபவர் பக்கமே ஒளியை உயர்த்தும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-ஆவது விதியும், விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதவாறு ஒளி தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. சட்டமும் அறமும் இங்கே ஒன்றாகவே நிற்கின்றன.

"எதிரே வருபவர் எவரும் டிம் செய்வதில்லை, நாம் மட்டும் ஏன் அடங்க வேண்டும்?" என்று கேட்பவர் உளர். இவ்வாதம் வலிமையற்றதன்று, நாள்தோறும் கூசிய கண்களிலிருந்து பிறப்பது. ஆயினும் இருவர் கண்ணும் கூசினால் எவர் வண்டி எவர் மீது மோதும் என்று எவரும் அறியார். பிறர் தவறு நமக்கு உரிமை தருவதில்லை. சாலையில் அது பாதுகாப்பும் தருவதில்லை. அன்றியும், ஒளியைப் பெருக்குவதில் கிடைக்கும் ஆதாயம் நாம் நினைப்பதினும் சிறிது. ஒளியை இருமடங்காக்கினாலும், அதே வெளிச்சம் சென்று விழும் தொலைவு 1.4 மடங்கே ஆகும். வேகத்தை 60-லிருந்து 42 ஆகக் குறைத்தாலோ, பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் பாதியாகி விடும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

எனவே வரிசை இதுவாக இருத்தல் நலம். முதலில் கண்ணாடியைத் துடைத்து, மங்கிய பிரதிபலிப்பானை மாற்றுக. அடுத்து, தடித்த கம்பியும் ஃபியூசும் ரிலேயும் பொருத்தி, பாட்டரியிலிருந்து விளக்குக்கு நேரே மின்சாரம் செல்லச் செய்க. பழைய சுவிட்சு ரிலேயை மட்டும் இயக்கட்டும். அதன்பின் விதிக்குட்பட்ட 60/55 வாட் பல்பே போதுமானது என்பதைப் பலர் கண்டு கொள்வர். இறுதியாக ஒளியின் நோக்கைச் சரி செய்க. பத்து மீட்டர் தொலைவிலுள்ள சுவரில், டிம் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் தாழ்ந்திருத்தல் பொதுவான அளவு. பழைய வண்டிகளில் பின்புறப் பட்டைச் சுருள் தளர்ந்திருந்தாலோ, பின்னிருக்கையில் குடும்பமும் டிக்கியில் மூட்டைகளும் ஏறினாலோ, முகப்பு உயர்ந்து ஒளியும் உயர்ந்து விடும். மேல்சித்தாமூருக்கோ பொன்னூர் மலைக்கோ குடும்பத்தோடு புறப்படும் நாளில் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இவ்வளவும் செய்த பின்னும் ஒன்று எஞ்சி நிற்கிறது. எவ்வளவு செம்மையான விளக்காயினும், அதை நாடி வரும் பூச்சிகள் கண்ணாடியில் மோதி மடிகின்றன. இரவுணவை விலக்கிய நம் முன்னோர் எண்ணிய சிற்றுயிர்கள் அவையே. இதற்கு மெக்கானிக்கிடம் மருந்தில்லை. பகலில் முடிக்கத் தக்க பயணத்தைப் பகலிலேயே முடித்துக் கொள்வது ஒன்றே வழி. தவிர்க்க முடியாத இரவுப் பயணத்தில், எதிரே ஒரு வண்டியோ நடந்து வரும் ஒருவரோ தென்பட்ட கணமே கையை டிம் சுவிட்சுக்குக் கொண்டு செல்லும் பழக்கத்தை நாமும் மேற்கொண்டு, நம் இல்லத்து இளைஞர்க்கும் கற்பிப்போமாக.