தோற்கும் உரிமை

தெருவில் ஆடி வளர்ந்த எவருக்கும் அந்தச் சொல் நினைவிருக்கும்: ஒப்புக்குச் சப்பாணி. பெரியவர்களின் ஆட்டத்தில் கெஞ்சிக் கூத்தாடி இடம்பிடித்த சின்னப் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைப்போம். உடற்குறையை இழிவாக்கும் கடுமையான சொல்தான். ஆனாலும் அது காட்டும் நிலையை அத்தனை துல்லியமாகக் காட்டும் வேறு சொல் நம்மிடம் இல்லை. அந்தப் பிள்ளை ஓடலாம், ஒளியலாம், மற்றவர்களைப் போலவே கூச்சலும் போடலாம். பிடிபட்டால் மட்டும் அவுட் கிடையாது. முதல் நாள் அது சலுகையாக இனிக்கும். மூன்றாம் நாள் பிள்ளை காரணம் சொல்லத் தெரியாமல் அழும். தன்னால் தோற்கவே முடியாது என்பதுதான் அந்த அழுகையின் காரணம் என்று வளர்ந்த பிறகே நமக்குப் புரிகிறது. பிறகு ஒரு நாள், எதிர்ப்பக்கத்துப் பையன் ஒருவன், “நீயும் அவுட்டுதான், போய் நில்லு” என்கிறான். அன்றைக்குத்தான் அந்தப் பிள்ளை ஆட்டத்துக்குள் வருகிறது.

2001 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில், வான்லோசே பகுதியின் சிறிய மைதானம் ஒன்றில் திபெத் அணியும் கிரீன்லாந்து அணியும் கால்பந்து ஆடின. உலகக் கால்பந்தை ஆளும் ஃபிஃபாவின் உறுப்பினர் பட்டியலில் அன்று இரண்டுமே இல்லை, இன்றும் இல்லை. சில ஆயிரம் பேர் வந்திருந்தார்கள். கிரீன்லாந்து நான்கு கோல் போட்டது. திபெத் ஒன்று போட்டது.

திபெத் அணியில் ஆடியவர்கள் அகதிக் குடியிருப்புகளின் பிள்ளைகள். 1959-இல் தலாய் லாமா இந்தியாவுக்குத் தப்பி வந்ததைத் தொடர்ந்து தர்மசாலாவிலும் கர்நாடகத்தின் பைலகுப்பேயிலும் இன்னும் பல இடங்களிலும் குடியேறிய குடும்பங்களின் அடுத்த தலைமுறை. எந்த மண்ணின் பெயரை மார்பில் தாங்கி ஓடினார்களோ, அந்த மண்ணை அவர்களில் பலர் மிதித்ததே இல்லை. இந்தியாவில் வாழும் திபெத்திய அகதி ஒருவர் வெளிநாடு போக வேண்டுமானால், அவர் கையில் இருப்பது கடவுச்சீட்டாக இராது. இந்திய அரசு தரும் அடையாளச் சான்று என்ற மஞ்சள் அட்டைப் புத்தகமாக இருக்கும். அதைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரி ஒவ்வொருவரும் இந்த மனிதர் எந்த நாட்டவர் என்ற கேள்வியோடுதான் நிமிர்ந்து பார்ப்பார். அந்தக் கேள்வியைக் கேட்காமல், “எங்களுக்கு எதிராக ஆட வருகிறீர்களா?” என்று மட்டும் கேட்ட ஓர் அணி கிரீன்லாந்தில் இருந்தது.

இந்த ஆட்டத்தை நினைத்துப் பார்த்து நடத்திக் காட்டியவர் மைக்கேல் நைப்ராண்ட் என்ற டென்மார்க் இளைஞர். திபெத்தில் சைக்கிளில் சுற்றிவந்தவர். சீனா எதிர்ப்புத் தெரிவித்தது. கிரீன்லாந்தின் வாழ்வாதாரமான இறால் வணிகத்துக்கே இடர் வரக்கூடும் என்ற எச்சரிக்கையும் எழுந்தது. பந்துக்கும் இறாலுக்கும் என்ன தொடர்பு என்று நமக்குத் தோன்றலாம். தொடர்பு உண்டு. பதினொரு பேர் கொண்ட ஓர் அணியை எதிரணி என்று ஒப்புக்கொண்டு நிற்பது எவ்வளவு பெரிய செயல் என்பதை, அந்த ஆட்டத்தைத் தடுக்க நினைத்தவர்கள் ஆடியவர்களைவிடத் தெளிவாக உணர்ந்திருந்தார்கள். தன் பிழைப்பையே பணயம் வைத்தும் கிரீன்லாந்து பின்வாங்கவில்லை. அந்த நாளின் வீரம் எது என்று என்னைக் கேட்டால், விழுந்த ஐந்து கோல்களுக்கும் முன்பாக இதைத்தான் சொல்வேன்.

கிரீன்லாந்து ஏன் அப்படி நின்றது என்பதை அதன் நிலையிலிருந்தே நாம் ஊகிக்க முடியும். ஏறக்குறைய 56,000 பேர் வாழும் பெருந்தீவு அது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது; படகிலோ விமானத்திலோதான் போக வேண்டும். ஆட்டத்துக்கேற்ற புல்தரையை வளர்க்கவிடாத குளிர். கோடையின் சில வாரங்களே பந்தாடும் காலம். அதே டென்மார்க் முடியாட்சியின் கீழ் உள்ள, ஏறக்குறைய அதே அளவு மக்கள் கொண்ட ஃபரோ தீவுகளோ 1988-இலேயே ஃபிஃபாவில் சேர்ந்துவிட்டன. விதிக்கேற்ற புல்தரை சொந்த ஊரில் இல்லாததால், 1990 செப்டம்பரில் அவர்கள் தங்கள் ‘சொந்த மண்’ ஆட்டத்தைச் சுவீடனின் லான்ட்ஸ்க்ரோனாவில் ஆடினார்கள். ஆஸ்திரியாவை 1-0 என்று வென்றார்கள். அந்த வெற்றி இன்றும் பேசப்படுகிறது. அதன் பின் அவர்கள் தோற்ற ஆட்டங்கள் ஏராளம்; அவற்றை யாரும் பேசுவதில்லை என்றாலும் அத்தனையும் ஏட்டில் இருக்கின்றன. பட்டியலுக்குள் இருப்பவனுக்கு வாய்க்கும் பெருஞ்செல்வம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெற்றி எப்போதோ வருவது. தோல்வியோ ஒவ்வொரு பருவமும் அவன் இருப்பைப் பதிவுசெய்துகொண்டே இருக்கிறது.

கிரீன்லாந்தையும் திபெத்தையும் வெளியே நிறுத்தும் ஃபிஃபா விதியின் பக்கமும் நியாயம் உண்டு. அதை மறுத்துவிட்டு இதைப் பேசுவது நேர்மையாகாது. உரிமை கோரும் ஒவ்வொரு நிலப்பகுதியையும் விளையாட்டு அமைப்பொன்று உறுப்பினராக்கத் தொடங்கினால், அரசுகள் தீர்க்க முடியாத வழக்குகளையெல்லாம் அது தீர்க்க வேண்டியதாகிவிடும். ஆகவே, உலகம் ஏற்ற சுதந்திர நாடாக இருக்க வேண்டும், இல்லையேல் தாய்நாட்டுச் சங்கத்தின் இசைவு வேண்டும் என்ற வரம்புகள் வந்தன. ஆனால் அந்த வரம்புகளை நாம் சற்று உற்று நோக்கினால் அவையும் வரலாற்றின் மேடுபள்ளங்களில் வளைந்தே கிடக்கின்றன. ஐக்கிய நாடுகள் சபையில் 193 நாடுகள். ஃபிஃபாவில் 211 சங்கங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கும் தனித்தனி அணிகள். ஐ.நா.வில் இல்லாத கொசோவோவும் கிப்ரால்டரும் 2016-இல் ஃபிஃபாவுக்குள் வந்தன. சான்சிபாரை ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2017 மார்ச்சில் முழு உறுப்பினராக ஏற்றது. தான்சானியாவின் ஒரு பகுதியைத் தனியாகச் சேர்த்தது தவறு என்று ஜூலையில் விலக்கியது. நான்கு மாதம் மட்டும் ஒரு தீவுக்கூட்டம் கால்பந்தில் நாடாக இருந்தது. அந்த நான்கு மாதத்தில் அதன் கடலும் கிராம்புத் தோட்டமும் மக்களும் மாறிவிடவில்லை. மாறியது ஏட்டில் ஒரு வரி மட்டுமே.

ஏட்டில் இடமில்லாதவர்கள் கூடித் தங்களுக்கென ஓர் ஏட்டைத் திறந்துகொண்டார்கள். 2013-இல் தொடங்கிய கோனிஃபா என்ற அமைப்பு அப்படிப் பிறந்ததுதான். வட ஐரோப்பாவின் பூர்வகுடிகளான சாமி மக்கள், வடக்கு சைப்ரஸ், அப்காசியா, பஞ்சாப், திபெத் என்று உலக வரைபடத்தின் மடிப்புகளில் வாழும் பெயர்கள் அதில் அணிகளாயின. தமிழ் வாசகருக்கு நெருக்கமான பெயரும் ஒன்று உண்டு. புலம்பெயர்ந்த ஈழத் தமிழரின் பிள்ளைகள் ஆடும் தமிழீழ அணி, அந்த அமைப்பின் உலகக் கோப்பைப் போட்டிகளில் 2014-இல் சுவீடனின் ஓஸ்டர்சுண்டிலும் 2018-இல் லண்டனிலும் களம் இறங்கியது. இரண்டு முறையும் கோப்பைக்கு அருகில்கூட வரவில்லை. அரசியலில் எந்தப் பக்கம் நின்று அந்தப் பெயரைப் பார்த்தாலும், அங்கே ஓடிய இளைஞனுக்கு வாய்த்த அந்தத் தொண்ணூறு நிமிடங்களை நாம் சிறிதாக எண்ண முடியாது. இழந்ததைப் பற்றி மட்டுமே பேசக் கேட்டு வளர்ந்த ஒருவனுக்கு, இழப்பதற்கென்று ஓர் ஆட்டம் கிடைத்தது. அதில் தோற்றால் மறுநாள் காலை எழுந்து இன்னோர் ஆட்டம் ஆடலாம் என்ற நிலை கிடைத்தது.

நம் புறத்திணை மரபில் இதற்கு இணையான ஒரு சிந்தனை இருக்கிறது. ஆநிரை கவர்பவன் வெட்சி சூடுவான், மீட்பவன் கரந்தை சூடுவான். மதிலை முற்றுகையிடுபவன் உழிஞை சூடுவான், காப்பவன் நொச்சி சூடுவான். பொருளுக்காகவும் மண்ணுக்காகவும் மோதும்போது பூக்களும் வேறு வேறு. வலிமை ஒன்றையே பொருளாகக் கொண்டு, குறித்த களத்தில் இரு படையும் எதிர்நிற்கும் தும்பைத் திணையில் மட்டும் இருபுறத்தாரும் ஒரே தும்பைப் பூவைச் சூடுகிறார்கள். போரை நான் போற்ற வரவில்லை. பகையின் உச்சத்திலும், எதிரே நிற்பவன் தனக்கு நிகரானவன் என்ற ஒப்புதல் இல்லாமல் மோதலுக்கே பொருளில்லை என்று உணர்ந்த மனம் ஒன்று அந்த இலக்கணத்தை வகுத்திருக்கிறது என்பதே நான் வியப்பது. நாம் பிறரிடம் எதிர்பார்க்கும் ஏற்பு பெரும்பாலும் அன்பின் வடிவத்திலோ இரக்கத்தின் வடிவத்திலோ வருவதாகக் கருதிக்கொள்கிறோம். ஆனால் இரக்கம் நம்மைக் குனிந்து பார்க்கிறது, அன்போ பல வேளைகளில் நம் குறையைக் காண மறுத்துவிடுகிறது. நம்மை வெல்ல வேண்டும் என்று முழு மூச்சோடு ஓடிவரும் எதிராளியின் கண்களில்தான், நாம் பொருட்படுத்த வேண்டிய ஓர் ஆள் என்ற உண்மை எந்தக் கலப்பும் இல்லாமல் தெரிகிறது. அந்தப் பார்வை ஒருமுறையேனும் தன்மேல் விழாத மனிதனும் சமூகமும், எத்தனை பேர் சூழ்ந்து ஆறுதல் சொன்னாலும், தாம் உலகத்தின் கணக்கில் உண்டா இல்லையா என்ற ஐயத்திலேயே காலத்தைக் கழிக்க நேர்கிறது.

இதனால்தான் ஆடவிடாமல் தடுப்பது தோற்கடிப்பதைவிடக் கொடியது. 2017-இல் திபெத்தியப் பெண்கள் கால்பந்து அணி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடக்கவிருந்த டல்லாஸ் கோப்பைப் போட்டிக்குப் போக விசா கேட்டது. மறுத்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் அங்கே போய்ப் பத்துக் கோல் வாங்கித் திரும்பியிருந்தால், தோழிகளிடம் சொல்லிச் சிரிக்கவும் அழவும், அடுத்த ஆண்டுக்குள் திருத்திக்கொள்ளவும் ஏதாவது மிஞ்சியிருக்கும். விசா மறுப்பிலிருந்து எதைத் திருத்திக்கொள்வது? தோல்வி ஒரு பதில். மறுப்போ, நீ கேட்டதே காதில் விழவில்லை என்று சொல்லும் மௌனம். நம் வீட்டிலும் அலுவலகத்திலும் ஊர்க்கூட்டத்திலும், பாதுகாப்பு என்றும் சலுகை என்றும் பெயர் சொல்லி, யார் யாரையெல்லாம் தோற்கவே விடாமல் ஓரமாக நிற்க வைத்திருக்கிறோம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தால், இது தொலைவில் இருக்கும் ஏதோ ஒரு பனிநாட்டின் சிக்கலாக நமக்குத் தோன்றாது.

திபெத்தோடு ஆடத் துணிந்த கிரீன்லாந்து பின்னர் தன் கண்டத்தின் வாசலைத் தட்டியது. வட, நடு அமெரிக்க, கரீபியக் கால்பந்துக் கூட்டமைப்பிடம் உறுப்பினராக விண்ணப்பித்தது. 2025 ஜூனில் நடந்த மாநாட்டில் அந்த விண்ணப்பம் ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. ஆதரித்து ஒரு கைகூட உயரவில்லை. ஆகவே அந்தத் தீவின் பிள்ளைகள் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் தோற்பதற்குக்கூட இன்னும் காத்திருக்க வேண்டும்.

வான்லோசே ஆட்டம் ஃபிஃபாவின் அதிகாரபூர்வக் கணக்கில் இல்லை. ஆடியவர்களும் பார்த்தவர்களும் அதை எழுதி வைத்திருக்கிறார்கள். படமாகவும் எடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன: கிரீன்லாந்து 4, திபெத் 1.