எல்லாருக்கும் ஒரே அளவா?

வீட்டின் முன்னே அறுகம்புல் வளர்த்துப் புல்தரை அமைத்திருப்போர் பலருக்கும் ஒரு மனக்குறை உண்டு. ஒருபுறம் புல் பசேலென்று அடர்ந்திருக்கும்; மறுபுறம் திட்டுத்திட்டாக வெறும் மண் தெரியும். "எல்லா இடத்துக்கும் ஒரே அளவாகத்தானே தண்ணீர் விடுகிறேன்? ஒரே எருவைத்தானே போடுகிறேன்? இந்த இடத்துக்கு மட்டும் என்ன கேடு?" என்று அவர்கள் சலித்துக்கொள்வார்கள். இக்கேள்விக்குள் வேறொரு பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது. எல்லாருக்கும் ஒரே அளவு கொடுப்பதுதான் நீதியா?

முதலில் தரையைப் பார்ப்போம். ஓரிடம் நாள்தோறும் மிதிபட்டு மண் இறுகிப்போயிருக்கும். காற்றும் நீரும் வேருக்கு இறங்கா. அதைக் கொத்திப் பொலபொலப்பாக்கி, மக்கிய எரு கலந்து, கணுவுள்ள புல் துண்டுகளை நட்டு, வேர் பிடிக்கும்வரை கால் படாமல் காக்க வேண்டும். இன்னோரிடத்தில், வீடு கட்டியபோது புதைந்த செங்கல்லும் காரையும் கிடக்கும். அவற்றைத் தோண்டி எடுக்காமல் எத்தனை குடம் ஊற்றினாலும் வீண். வேறோரிடம் பள்ளம், நீர் தேங்கி வேர் அழுகும். அதற்கு மேலும் தண்ணீர் விடுவது உபத்திரவமாகவே முடியும். மரத்தடியிலோ வெயில் விழாது. அறுகு வெயிலை நாடும் புல். நிழலில் மெலிவது அதன் குற்றமன்று. அங்கே நிழல் தாங்கும் வேறு புல்லை வைப்பதே விவேகம்.

நான்கு சொட்டைகள், நான்கு காரணங்கள். ஒரே அளவு என்ற விதி இவற்றில் ஒன்றையும் குணப்படுத்தாது. அவ்விதி நமக்குப் பிடித்திருப்பதன் இரகசியம், அதில் விசாரிக்கும் சிரமம் இல்லை என்பதே. "மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே சோறு, ஒரே பள்ளி, ஒருவன் மட்டும் தேறவில்லை" என்று சொல்லும் தகப்பன், அவனுக்குக் கரும்பலகை எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று ஒருநாளாவது கேட்டாரா?

அப்படியானால் நன்றாக வளரும் பிள்ளைக்கு அநியாயமல்லவா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான ஐயம். தகப்பனுக்குள்ள மாலை ஒன்றே. அதை ஒருவனுக்குக் கொடுத்தால் மற்றவர்களுக்குக் குறையத்தான் செய்யும். அந்தக் குறையை மறைக்கலாகாது. காரணத்தைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லவேண்டும். அவர்களையும் உதவிக்கு அழைக்கவேண்டும். அறுகுபோல் வேரோட வேண்டுமென்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த அறுகின் குணம் என்ன? தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விட்டுச் செல்வது. சொட்டையின் காரணத்தை நாம் நீக்கிவிட்டால், பக்கத்தில் செழித்திருக்கும் புல்லே மெல்ல ஓடிவந்து வெற்றிடத்தை மூடும். செழித்ததற்கு இதனால் நஷ்டமில்லை. அதன் பரப்பும் பெருகுகிறது.

ஆகவே அன்பர்களே, வீட்டிலாயினும் வகுப்பிலாயினும் வேலைத்தலத்திலாயினும் பின்தங்கிய ஒருவரைக் கண்டால், "உனக்கும் சமமாகத்தானே கொடுத்தோம்" என்று சொல்ல அவசரப்படாதிருப்போம். முதலில் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்போம்.