ஹோமர் கண்ட வீரன்

கிரேக்க மொழியில் 'ஹீரோஸ்' என்றொரு சொல் உண்டு. நல்லவன் என்பது அதன் பொருளன்று. டிராய் நகரின் முன் பொருத வேந்தர்களுக்கு ஹோமர் அச்சொல்லை வழங்குகிறார். ஒடிசியில் யாழ் மீட்டிப் பாடும் கண்ணற்ற டெமோடோக்கஸுக்கும் அதனையே வழங்குகிறார். ஆகவே கிரேக்கக் காவியத்தில் வீரனை வீரனாக்குவது எது என்ற வினாவுக்கு அகராதியில் விடை கிடைக்காது. இலியட்டினுள் புகுந்தே தேடவேண்டும். (அப்பாஸியர் காலத்துப் பக்தாதில் அரிஸ்டாட்டில் அரபியில் பேசினார்; ஹோமரின் இலியட்டோ 1904-ஆம் ஆண்டில்தான், லெபனான் அறிஞர் சுலைமான் அல்-புஸ்தானியின் முயற்சியால் அரபுச் செய்யுளில் முழுமையாக உருப்பெற்றது.)

இலியட்டின் முதற்சொல்லே 'சினம்'. படைத் தலைவன் அகமெம்னான், அக்கிலீஸுக்குப் படையினர் பரிசாக அளித்திருந்த பிரைசீஸ் என்னும் சிறைப்பெண்ணைப் பறித்துக்கொள்கிறான். ஒரு பெண்ணைப் பரிசுப் பொருளாக எண்ணிய அக்கால மனப்போக்கு நம்மை உறுத்தவே செய்கிறது. ஆயினும் அக்கிலீஸின் கோபத்தின் வேர் அங்கேதான் உள்ளது. அந்தச் சமுதாயத்தில் வீரனின் மதிப்பு பிறர் கையிலிருந்தது. கொள்ளையில் பங்கு, விருந்தில் சிறந்த இறைச்சி, அவையில் முதல் இருக்கை இவையே அதன் அளவுகோல். இச்சிறப்புகளைப் பெறுவதனாலேயே நாம் முன்னணியில் நின்று போரிடக் கடமைப்பட்டுள்ளோம் என்று பன்னிரண்டாம் பாகத்தில் சார்ப்பிடான் தன் தோழனுக்கு விளக்குகிறான். மரணமே இல்லையெனில் போரிடவும் மாட்டேன் என்கிறான்.

இக்கணக்கை முதலில் ஐயுற்றவன் அக்கிலீஸ். பொன்னும் ஏழு நகரங்களும் தருவதாகத் தூது வந்தபோது, கோழைக்கும் வீரனுக்கும் ஒரே சாவுதானே என்று கேட்டு மறுத்துவிடுகிறான். மறுத்ததன் விலை அவனுடைய ஆருயிர் நண்பன் பட்ரோக்ளஸின் உயிர். பின்னர் அவன் ஹெக்டரைக் கொன்று, உடலைத் தேரில் கட்டி இழுக்கிறான். பழைய அளவுகோலின்படி அவனுக்கு இனிக் குறையேதுமில்லை. ஆனால் இம்மனிதன் இரக்கத்தை இழந்துவிட்டான் என்று தேவர் அவையில் குற்றச்சாட்டு எழுகிறது!

இறுதிப் பாகத்தில், மகனின் உடலை மீட்க முதியவர் பிரயாம் இரவில் தனியே வந்து, தம் மைந்தர்களைக் கொன்ற அக்கைகளை முத்தமிடுகிறார். தன் தந்தையை நினைத்து அக்கிலீஸும் அழுகிறான். அதன்பின் அவன் செய்வதே நம் கருத்தை ஈர்க்கிறது. ஹெக்டரின் உடலை முதியவர் காணாதவாறு அப்பால் வைத்துக் கழுவுமாறு பணிப்பெண்களுக்கு ஆணையிடுகிறான். கண்டால் அவர் சினம் கொள்ளக்கூடும். அதனால் தன் சினமும் பொங்கி அவரைக் கொன்றுவிடலாம் என்று அவன் தன்னையே அஞ்சுகிறான். உடலைத் திருப்பித்தரத் தேவர் கட்டளை இருந்தது, மீட்புப் பொருளும் வந்தது என்பது மெய்யே. ஆனால் இந்த முன்னெச்சரிக்கையை எந்தக் கட்டளையும் விதிக்கவில்லை. இதற்காக எந்தப் படையும் அவனுக்குப் பங்கு அளிக்கப்போவதில்லை. காவியத்தில் அவன் ஆற்றிய அருஞ்செயல் இதுவே என்பது நம் எண்ணம்.

ஈமக்கடனுக்கு எத்தனை நாள் வேண்டும் என்று அவன் வினவுகிறான். ஒன்பது நாள் துக்கம், பத்தாம் நாள் அடக்கம், பதினோராம் நாள் மேடு எழுப்புதல்; வேண்டுமாயின் பன்னிரண்டாம் நாள் போர் என்கிறார் பிரயாம். அவ்வாறே ஆகட்டும் என்று முதியவரின் கையைப் பற்றுகிறான். டிராய் வீழ்வதையோ அக்கிலீஸ் மாண்டதையோ ஹோமர் இங்குப் பாடவில்லை. ஹெக்டரின் ஈமச்சடங்கோடு இலியட் முடிகிறது.