கூப்பிடு தூரம்

தூரத்தைக் காலத்தால் அளந்தவர்கள் நம் முன்னோர்கள். ‘அந்த ஊர் இரண்டு நாழிகை வழி’ என்றார்கள். அதைவிட அருகில் இருந்தால் ‘கூப்பிடு தூரம்’ என்றார்கள். நடக்கிறவனுடைய காலும், கூப்பிடுகிறவனுடைய குரலும்தான் அன்றைக்கு அளவுகோல். மைல் கல் நட்ட பிறகு அந்தப் பேச்சு குறைந்துவிட்டது.

இது எனக்கு நினைவு வரக் காரணம் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி. மாதச் சம்பளம் என்ற நிழல் இல்லாமல், இன்று இங்கே நாளை அங்கே என்று ஒப்பந்தத்துக்கும் தினக்கூலிக்கும் உழைக்கிறவன், வேலைக்காக நாள்தோறும் எவ்வளவு தூரம் போய் வரலாம்? எந்த அளவைத் தாண்டினால் அது பிழைப்பு என்ற பெயருக்கே தகுதி இழந்துவிடுகிறது? நண்பர் எஞ்சினீயர். கிலோமீட்டரில் விடை எதிர்பார்த்தார்.

விடை இருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. மார்க்கெட்டி என்ற இத்தாலியப் பௌதிக அறிஞர் 1994-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், எந்த நாடானாலும் எந்தக் காலமானாலும் மனிதன் போக வர நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரத்தையே செலவிடுகிறான் என்று வாதித்தார். வண்டி வேகமானால் நேரம் மிச்சமாவதில்லையாம். வீடுதான் இன்னும் தள்ளிப் போகிறதாம். அழகான கணக்குத்தான். ஆனால் பயணத்தின் முடிவில் ஒரு வேலை காத்திருக்கிறது என்பதை அது கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிடுகிறது. நம் ஊரில் கேள்வியே அங்கேதானே தொடங்குகிறது?

தென்காசிப் பஸ் நிலையத்தில் ஒரு காலைப் பொழுது நின்று பாருங்கள். திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அங்கே ஆபீசுக்குப் போகிற குமாஸ்தா ஜன்னல் ஓரம் பிடித்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். பஸ் தாமதமானால் மேலதிகாரி முகம் சுளிப்பார், அவ்வளவுதான். பக்கத்துப் பஸ்ஸில் குற்றாலத்துக்கு ஏறுகிறவர்களுக்கு ஐந்து கிலோமீட்டர்தான் பயணம். சாரல் விழுகிற ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களை நம்பிப் போகிறவர்கள்: எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், ஓட்டலில் பாத்திரம் துலக்குகிறவர்கள், நேந்திரங்காய்ச் சிப்ஸ் விற்கிறவர்கள். மலையிலே மழை கொட்டினால் அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். போடத்தான் வேண்டும். 2024 மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஆனால் தடை போட்ட அன்று எண்ணெய் தேய்க்கிறவர் வெறுங்கையோடு திரும்பி வருகிற அந்த ஐந்து கிலோமீட்டர், குமாஸ்தாவின் ஐம்பதைவிட நீளம் என்றால் எஞ்சினீயர் ஒப்புவாரா?

செங்கோட்டை பஸ்ஸில் என் அருகில் நின்றுகொண்டு வந்த ஒரு சித்தாள் அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“தூரம் என்ன அண்ணாச்சி தூரம்! போய் எறங்கினா வேலை இருக்கணும்லா? இருந்துட்டா புனலூரே பக்கந்தான். இல்லைன்னு வைங்க, செங்கோட்டையே தூரந்தான்” என்றாள்.

பொருளாதாரப் புத்தகங்களைப் புரட்டிய பிறகும் இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வரவில்லை.

அவள் புனலூரைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ந் தேதி வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ச் சீமையோடு சேர்ந்தது. எல்லை பிரானூரில் இருந்தது. பரோட்டா சாப்பிடப் போகிறவர்கள் இன்றும் அந்த இடத்தைப் ‘பார்டர்’ என்றே சொல்கிறார்கள். எல்லை மேற்கே நகர்ந்துவிட்டது. கூலியின் எல்லை மட்டும் ஆரியங்காவுக் கணவாயில் உறுதியாக நிற்கிறது. ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23-ம் வருஷத்துக் கணக்குப்படி, கிராமப்புறக் கட்டிடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் சுமார் 852 ரூபாய். தமிழ்நாட்டில் சுமார் 500. கணவாயைத் தாண்டினால் 350 ரூபாய் அதிகம்! யார்தான் தாண்டமாட்டார்கள்?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். உள்ளூரில் எட்டு மணி நேர வேலைக்கு 500 என்றால் மணிக்கு அறுபத்திரண்டரை ரூபாய். மலைக்கு அப்பால் எட்டு மணி வேலை, போக இரண்டு, வர இரண்டு, ஆகப் பன்னிரண்டு மணிக்கு 852. அதாவது மணிக்கு 71. வழிச்செலவு, டீச்செலவு எல்லாம் சேர்ந்து 102 ரூபாயைத் தாண்டிவிட்டால், மணிக்கணக்கில் பார்த்தால் அவன் உள்ளூரிலேயே இருந்திருக்கலாம். இதை அவனிடம் சொன்னால் சிரிப்பான். பலசரக்குக் கடைக் கடனை மணிக்கணக்கில் அடைக்க முடியாது; ரூபாயில்தான் அடைக்க வேண்டும். உள்ளூர் வேலை நாள்தோறும் கிடைக்கும் என்று எழுதித் தருவாரும் இல்லை. அந்த நாலு மணி நேரத்தை வாங்க ஆள் இல்லாததால் அதற்கு விலை இல்லை என்று அவனே நம்பத் தொடங்கிவிடுகிறான். எனக்கு வருத்தம் தருவது அந்த நம்பிக்கைதான்.

அப்படியானால் வீட்டுக்கே வேலை வந்துவிட்டால்? அதையும் இந்த ஜில்லா பார்த்திருக்கிறது. ஆலங்குளம், கீழப்பாவூர்ப் பக்கம் திண்ணைக்குத் திண்ணை பீடி சுற்றுகிறார்கள். சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தால் அடுப்படிக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே சுவர் கிடையாது. வீட்டில் இருந்து சுற்றுகிறவர்களும் தொழிலாளர்களே என்று 1966-ம் வருஷத்துப் பீடித் தொழிலாளர் சட்டம் ஒப்புக்கொண்டது. நல்ல காரியம். ஆனால் பயண தூரம் பூஜ்யமானதால் வேலையும் முடிகிறதே இல்லை. வேலைக்குப் போகாதவளுக்கு வேலையிலிருந்து திரும்பி வருவதும் இல்லை. குழந்தை இருமுகிறது, புகையிலைத் தூள் வீட்டுக் காற்றிலேயே இருக்கிறது. தூரம் சில சமயம் மனிதனைக் காப்பாற்றவும் செய்கிறது.

இந்த மண்ணில் ஊர் ஊராக அலைந்து தொழில் செய்தவர்களில் எல்லோரும் அறிந்தவள் குற்றாலக் குறவஞ்சியின் சிங்கி. குறி சொல்லும் தொழில். நிரந்தர எஜமானர் கிடையாது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே உள்ள மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், அவளை உடம்பெல்லாம் நகையாக அனுப்பி வைக்கிறார். தேடி அலைந்த சிங்கனோ அவளைக் கண்டதும் முதலில் நகையைப் பற்றிக் கேட்பதில்லை. இத்தனை நாளும் அவள் காணாமற் போனதைப் பற்றித்தான் கேட்கிறான். நகை விசாரணையெல்லாம் அப்புறம். வீட்டில் காத்திருக்கிறவனுடைய கணக்கு இது. எஞ்சினீயரின் கேள்வியில் இவனுக்கு இடமில்லை.

சட்டங்கள் இந்த விஷயத்தைத் தொட்டும் தொடாமலும் போயிருக்கின்றன. 2005-ல் வந்த கிராமப்புற வேலை உறுதிச் சட்டம், வேலையை ஐந்து கிலோமீட்டருக்குள் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் போனால் கூலியில் பத்து சதவீதம் சேர்த்துத் தர வேண்டும் என்று எழுதியது. ஏழையின் நடைக்கும் விலை உண்டு என்று எழுதிய கையை நான் கும்பிடுகிறேன். ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010-ல் செய்த திருத்தம், வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே வழியில் நேரும் விபத்தையும் வேலையைச் சேர்ந்த விபத்தாகக் கருத வழி செய்தது. ஆனால் மேஸ்திரியின் குட்டிப் பாக்கெட் நோட்டில் மட்டும் பெயர் உள்ளவனுக்கு ஈ.எஸ்.ஐ. ஏது? ஐரோப்பாவில் 2015-ல் ஒரு தீர்ப்பு வந்தது. நிலையான வேலை இடம் இல்லாமல் வாடிக்கைக்காரர் வீடுகளுக்குப் போகிற தொழிலாளர்கள், தங்கள் வீட்டிலிருந்து முதல் வாடிக்கைக்காரர் வீடு வரையிலும், கடைசி வாடிக்கைக்காரரிடமிருந்து தங்கள் வீடு வரையிலும் போகிற நேரமும் வேலை நேரம்தான் என்றது அந்த நீதிமன்றம். இடத்தை நிர்ணயிக்கிறவன் எஜமானன். ஆகவே அந்த நேரமும் அவன் கையில் இருக்கிறது என்பது அதன் சாரம்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணத்தை எடுத்தார்கள். எத்தனையோ பெண்களின் வேலை வட்டம் அன்று அகன்றது. டிக்கெட் போயிற்று, ஆனால் பஸ்ஸுக்காக நிற்கிற நேரம் போகவில்லை.

என் கட்சி இதுதான். தூரத்தைத் தீர்மானிக்கிறவன் கூப்பிடுகிறவன். வழியின் செலவிலும், வந்த பின் வேலை இல்லை என்ற ஏமாற்றத்திலும் அவனுக்குப் பங்கு உண்டு. நண்பர் உடனே, “அப்படிச் சட்டம் போட்டால் பக்கத்துத் தெரு ஆளாகப் பார்த்துத்தான் வைப்பார்கள். தூரத்து ஆளுக்கு உள்ள வேலையும் போகும்” என்றார். பலமான வாதம். அதை நான் முழுவதும் மறுத்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் குற்றாலத்தில் எனக்குத் தெரிந்த சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அருவியில் தடை போட்ட நாளில் கடையில் ஈ காக்கை இராது. அன்றும் விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கிய ஆட்களைச் சாப்பிடச் சொல்லி, அரை நாள் கூலியைக் கையில் கொடுத்து அனுப்புகிறார். எந்தச் சட்டமும் அவரைக் கேட்கவில்லை. தர்மம் என்று ஏதாவது சொல்லுவார் என எதிர்பார்த்து, “எதுக்குக் கொடுக்கிறீங்க?” என்று விசாரித்தேன்.

கல்லாப் பெட்டியைச் சாத்திக்கொண்டே அவர் சொன்னார்: “நாளைக்குத் தண்ணி வடிஞ்சிரும் அண்ணாச்சி. அவன் வரணும்லா?”