பாதையில் நடப்பவரும் பறிகொடுத்தவரும்

வடகிழக்கு ஜப்பானில் ஹச்சினோஹே நகரிலிருந்து சோமா வரை, கடலை ஒட்டி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது மிச்சினோகு கரையோரப் பாதை. 2011 மார்ச் 11 அன்று சுனாமி விழுங்கிய ஊர்களின் வழியே அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம் இதை வகுத்தது; 2019இல் முழுமையாகத் திறந்தது. அன்று இறந்தவர்கள் ஏறத்தாழ 15,900 பேர். சுமார் 2,500 பேர் இன்றுவரை கிடைக்கவில்லை.

பைன் மரங்களும் செங்குத்துப் பாறைகளும் உள்ள அழகான வழி அது. அங்கே நடப்பவர் மகிழலாமா? மகிழலாம். ஆள் வராத கரையில் விடுதியும் கடையும் பிழைப்பதில்லை. தங்கி, உண்டு, ஊரார் பேச்சுக்குக் காதுகொடுப்பவரின் மகிழ்ச்சி எவரையும் அவமதிக்காது. ஆனால் அவர் பார்ப்பதற்காக இடிபாடுகளை விட்டுவைக்க வேண்டுமா என்பதுதான் நெஞ்சை அறுக்கும் கேள்வி.

ஓட்சுச்சியில் மேயரும் ஊழியர் பலரும் மாண்ட நகர அலுவலகத்தை, எதிர்ப்புக்கு நடுவே, 2019இல் இடித்தார்கள். தினமும் அதைக் கண்ணால் பார்க்கும் வேதனையிலிருந்து பலருக்கு விடுதலை. அந்த விடுதலையைக் குறைசொல்ல வழிப்போக்கனுக்கு எந்த உரிமையும் இல்லை.

எனினும் மூன்றாமவர் ஒருவர் உண்டு: அந்தக் கரையில் இனிப் பிறக்கப்போகிறவர். மியாகோவின் அனெயோஷி கிராமத்தில், 1933 சுனாமிக்குப் பின், இதற்குக் கீழே வீடு கட்டாதீர் என்று ஒரு கல் நட்டார்கள். 2011இல் அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றது. நட்டவர்கள் பறிகொடுத்தவர்கள்தான்.

இஷினோமாகியின் ஓகாவா தொடக்கப் பள்ளியில் 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் பலியானார்கள். நிலநடுக்கத்துக்குப் பின் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிள்ளைகளை முற்றத்திலேயே நிறுத்தியிருந்தார்கள்; பக்கத்திலேயே குன்று. நகரமும் மாகாணமும் பொறுப்பு என்ற தீர்ப்பு 2019இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. ஆனால் அந்தக் குன்று எவ்வளவு பக்கம் என்பதை எந்தத் தீர்ப்பும் கண்ணுக்குக் காட்டாது. பெற்றோரில் சிலர் கட்டடம் வேண்டாம் என்றார்கள். அங்கே படித்த பிள்ளைகள் சிலர் வேண்டும் என்றார்கள். கட்டடம் நிற்கிறது.

இரு தரப்பும் அழுதுகொண்டே பேசும்போது வாக்கெடுப்பு நியாயம் ஆகாது, காத்திருப்பதே நியாயம். இடித்ததை மறுபடி கட்ட முடியாது, நிற்பதை என்றைக்கு வேண்டுமானாலும் இடிக்கலாம். மினாமிசன்ரிக்குவில் 43 பேர் மாண்ட பேரிடர் தடுப்பு அலுவலகத்தின் இரும்புச் சட்டம் மட்டும் எஞ்சியது. அதை இடிப்பதாக 2013இல் மேயர் அறிவித்தார். ஊர் ஆற அமர யோசிக்கட்டும் என்று மாகாணம் அதை 2031 வரை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அத்தனை காலம் தேவைப்படவில்லை. 2024இல், என்றென்றும் நிற்கட்டும் என்று அறிவித்தவரும் அதே மேயர். அலை மேலேறிக் கடந்தபோது அந்த அலுவலகத்தின் மொட்டைமாடியில் உயிர் தப்பிய சிலருள் அவரும் ஒருவர்.